கருவியின்றி மாட்டும் மேசைப் பலகை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

திருப்புளியோ ஸ்பேனரோ இல்லாமல், வெறுங்கையாலேயே சட்டகத்தின்மீது மாட்டவும் கழற்றவும் கூடிய மேசைகள் வாடகை வீடுகளிலும் கண்காட்சி அரங்குகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் பரவலாகப் புழங்குகின்றன. வாங்கிய அன்று 'டக்'கென்று உட்கார்ந்த பலகை சில மாதங்கள் கழித்து ஆடவோ, சிக்கவோ, தானாகக் கழன்றுகொள்ளவோ தொடங்கினால், எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது பூட்டைத்தான். ஆனால் என் பட்டறைக்கு வரும் இத்தகைய மேசைகளில் பூட்டே பழுதானவை மிகச் சில. பலகை சட்டகத்தின்மேல் சரியாக அமராததைத்தான் பூட்டின் குற்றம் என்று கொண்டுவருகிறார்கள்.

காரணம் எளியது. பலகையின் எடையையும் அதன்மேல் வைக்கும் சுமையையும் தாங்குவது சட்டகத்தின் மேல்முகம். பலகை பக்கவாட்டில் நகராமல் தடுப்பவை முளைகள். பலகை மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே பூட்டின் வேலை. நடுக்கால ஐரோப்பாவின் உணவுக்கூடங்களில் தாங்குகால்களின்மேல் நீண்ட பலகைகளை வெறுமனே கிடத்தி உணவு பரிமாறினார்கள். உண்டு முடித்ததும் அவற்றைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். பூட்டு என்ற ஒன்று இல்லாமலேயே அந்த மேசைகள் பயன்பட்டன. அமர்வு இல்லாமல் எந்த மேசையும் பயன்படாது. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் அமர்வையும், அடுத்து முளைகளையும், கடைசியாகப் பூட்டையும் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிப் பூட்டை முதலில் இறுக்கினால், கோளாறு மறைந்ததுபோலத் தோன்றி, பலகையின் வளைவாகவோ வெடிப்பாகவோ பிறகு வெளிப்படும்.

உங்கள் மேசை எந்த வகை

பெரும்பாலான மேசைகள் நான்கு வகைகளுக்குள் அடங்கிவிடும். முதலாவது சாவித்துளை வகை. பலகையின் அடியில் தலை அகன்ற முளைகள் இருக்கும். சட்டகத்தில் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் உள்ள துளை கொண்ட தகடுகள் இருக்கும். அகன்ற பக்கத்தில் முளையை இறக்கிப் பலகையை நகர்த்தினால், முளையின் கழுத்து குறுகிய பக்கத்துக்குள் சென்று தலை மாட்டிக்கொள்ளும். சுவரில் கடிகாரத்தை ஆணியில் மாட்டும் அதே முறைதான் இங்கே படுக்கைவாட்டில் வருகிறது. இரண்டாவது இழுப்புத் தாழ் வகை. பழைய டிரங்குப் பெட்டியின் வாயிலும் ஸ்பீக்கர் பெட்டியின் ஓரத்திலும் இருக்கும் தாழ் அது, கடைகளில் டாகிள் லாட்ச் என்று கேட்க வேண்டும். மூன்றாவது கைக்குமிழ் வகை. பலகைக்குள் பதித்த மரைக்குள், சட்டகத்தின் வழியே வரும் போல்ட்டைப் பிளாஸ்டிக் குமிழைப் பிடித்துக் கையால் திருகுவது. நான்காவது ஆப்பு வகை. சட்டகத்தின் வழியே வெளியே நீளும் மர முளையின் துளையில் ஆப்பைத் தட்டி இறுக்குவது; மரத்துக்கு மரம், உலோகமே இல்லாதது. இவற்றைத் தவிரக் காந்தத்தால் பிடிக்கும் மேசைகளும் உண்டு. அவற்றைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆய்வைத் தொடங்குமுன் மேசையின்மேல் உள்ளவற்றை முழுவதும் அகற்றிவிடுங்கள். பலகையைக் கழற்ற முடிந்தால், தரையில் ஒரு ஜமக்காளத்தை விரித்து அதன்மேல் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். ஓர் அளவு நாடா, ஒரு சாக்குக்கட்டி, ஏ-4 தாளிலிருந்து கிழித்த இரண்டு விரல் அகலத் துண்டு, ஒரு விசிட்டிங் கார்டு ஆகியவை போதும். தினசரி மாட்டக் கருவி தேவையில்லாத மேசைக்கும் பழுது பார்க்கும்போது திருப்புளி தேவைப்படலாம். அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

அறிகுறி 1: பலகை உட்காரவே மறுக்கிறது

சாவித்துளை வகையில் அடிக்கடி வரும் புகார் இது. முளைகள் துளைக்குள் இறங்காமல் தகட்டின் விளிம்பில் ஏறி நிற்கும். எத்தனை முளைகள் ஏறி நிற்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும்.

நான்கும் ஒரே அளவு விலகி நின்றால், பலகையைத் தலைமாற்றி வைத்திருக்கிறீர்கள். துளைகள் இரு ஓரங்களிலிருந்தும் சம தூரத்தில் இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரிந்தாலும், பல மேசைகளில் ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் வேறுபடும். பலகையின் அடியிலும் சட்டகத்தின் உட்பக்கத்திலும் ஒரே திசையில் ஓர் அம்புக்குறியை வரைந்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

ஒரே ஒரு முளை மட்டும் நின்றால் சட்டகம் கோணியிருக்கிறது, அல்லது தரை சமமாக இல்லை. சட்டகத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், 3 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் சட்டகத்தின் மூட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் ஒன்றையொன்று நோக்கித் தள்ளிச் சமப்படுத்தி, மறுபடி இறுக்குங்கள். மூலைவிட்டங்கள் சமமாக இருந்தும் முளை இறங்கவில்லையானால் தரையைப் பாருங்கள். பள்ளமான இடத்தில் நிற்கும் கால் தொங்க, அதனால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும்; அந்த முறுக்கு வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலின் அடியில் அட்டையை மடித்து வைத்துச் சட்டகத்தை நிலையாக நிறுத்திய பிறகே பலகையை இறக்க வேண்டும். பலகையை மாட்டிவிட்டுக் கால்களைச் சரிசெய்யலாம் என்று நினைப்பவர்கள்தான் முளைகளை வளைத்துக்கொண்டு வருகிறார்கள்.

ஒரு பக்கத்து வரிசை முழுவதும் இறங்கி, எதிர்ப்பக்கத்து வரிசை முழுவதும் ஏறி நின்றால், அது மரத்தின் வேலை. மழைக்காலத்தில் இறுகி, பங்குனி வெயிலில் தளர்ந்துபோகும் வாசல் கதவை அறியாதவர் நம்மில் இல்லை. மேசைப் பலகையும் அதே மரம்தான். தேக்கு பச்சையிலிருந்து முற்றிலும் உலரும்வரை, ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 சதவீதமும், வளையங்களுக்குக் குறுக்கே 2.5 சதவீதமும் சுருங்கும். நீளவாட்டில் சுருங்குவது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு. இதை வேறுவிதமாகச் சொன்னால், வளையங்கள் படுக்கையாக வரும்படி அறுத்த பலகையில், ஈரம் 1 சதவீதம் மாறும்போதெல்லாம் அகலம் சுமார் 0.2 சதவீதம் மாறும். 75 செ.மீ. அகலமுள்ள அத்தகைய பலகையில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால், அகலம் 6 மி.மீ. வரை மாறும். 5 மி.மீ. கழுத்துள்ள முளைக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் விட்டு வெட்டிய துளையில் இந்த 6 மி.மீ. எங்கே அடங்கும்?

பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளில் இந்த மாற்றம் மிகச் சிறியது. ஆகவே இந்த அறிகுறியை அவற்றில் கண்டால் வேறு காரணத்தைத் தேடுங்கள். திடமரப் பலகையில் தீர்வு இதுதான்: ஒரு பக்கத்து வரிசைத் துளைகளை அப்படியே நெருக்கமாக விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்து வரிசையில் மட்டும் துளையின் குறுகிய பகுதியை அகலப்படுத்த வேண்டும். முளையின் கழுத்து 5 மி.மீ. என்றால் அந்த வரிசையில் 9 மி.மீ. வரை அரத்தால் ராவிக்கொள்ளலாம். முளையின் தலை 14 மி.மீ. இருந்தால் பிடிப்பு குறையாது. துளையின் அகன்ற பகுதியையும் அதே அளவு அகலப்படுத்த மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தலை இறங்காது. ஒரு பக்கம் இருப்பிடத்தைக் காட்டும், மறுபக்கம் மரத்துக்கு வழிவிடும். இரண்டு வரிசைகளையும் அகலப்படுத்திவிட்டால் பலகை எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

துளைகள் மர ரேகைக்குக் குறுக்கே நீண்டிருக்கும்படி தகடுகளைப் பொருத்திய மேசைகளும் வருகின்றன. அவற்றில் ஆபத்து வேறு மாதிரி. மரம் சுருங்கும்போது ஒரு வரிசை முளைகள் குறுகிய பகுதிக்குள் ஆழமாகச் செல்ல, எதிர் வரிசை முளைகள் அகன்ற பகுதியை நோக்கி நகர்ந்துவிடும். கோடையில் அந்தப் பக்கத்தைத் தூக்கினால் பலகை கையோடு வரும். அத்தகைய மேசையில் தகடுகளைக் கழற்றித் துளைகள் ரேகையின் போக்கில் வரும்படி மாற்றிப் பொருத்துவதே சரி. அரத்தால் ராவி ஒப்பேற்றுவது வீண்.

அறிகுறி 2: பலகை இறங்குகிறது, ஆனால் நகர்த்தும்போது பாதியில் நிற்கிறது

முளையின் தலைக்கும் பலகையின் அடிமுகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி, தகட்டின் கனத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். 2 மி.மீ. தகட்டுக்கு 2.2 முதல் 2.3 மி.மீ. சரியான அளவு. இதை அளக்கக் கேலிப்பர் வேண்டாம். தகட்டைத் தனியே கழற்றி முளையில் மாட்டி, தலைக்கும் தகட்டுக்கும் நடுவே விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். கார்டு சிறு உரசலோடு நுழைந்தால் போதும். கார்டு நுழையவே இல்லையானால் முளை மிகுதியாக இறங்கியிருக்கிறது. இரண்டு கார்டுகள் சேர்ந்து நுழைந்தால் பலகை கடகடக்கும்.

முளையை மேலேற்ற அல்லது இறக்கக் கால் சுற்றுக்குமேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். 4 மி.மீ. மர ஸ்க்ரூவின் புரிகளுக்கு இடையே ஏறத்தாழ 2 மி.மீ. தூரம் இருப்பதால், கால் சுற்றுக்கே அரை மில்லிமீட்டர் மாறிவிடும். அது இந்த வேலைக்குப் பெரிய அளவு. மேசை அடிக்கடி கழற்றி மாட்டப்படுவதானால், பலகைக்குள் பித்தளை மரையைப் பதித்து, எம்-6 (6 மி.மீ. மெட்ரிக்) புரியுள்ள முளைகளைப் பயன்படுத்துவது நல்லது. எம்-6இல் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ.தான் என்பதால், கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் நுணுக்கம் கிடைக்கும்.

இடைவெளி சரியாக இருந்தும் சிக்கினால், தகட்டின் துளையோரத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டும்போது எழுந்த பிசிறு அல்லது பெயின்ட் கட்டி அங்கே இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மெழுகுவத்தியை ஒரு முறை இழுத்துவிடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும்.

அறிகுறி 3: பூட்டிய பின்னும் பலகை ஆடுகிறது

ஆடுவது பலகையா, கால்களா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். சட்டகத்தின் விளிம்பும் பலகையின் அடிமுகமும் சந்திக்கும் இடத்தில், விரல்நுனியின் ஒரு பாதி பலகையிலும் மறுபாதி சட்டகத்திலும் படும்படி வைத்துக்கொண்டு, இன்னொருவரை மேசையை மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். விரல்நுனிக்கடியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவது தெரிந்தால் கோளாறு இணைப்பில். எதுவும் நழுவாமல் மேசை முழுவதுமாக அசைந்தால் கோளாறு கால் மூட்டுகளில்; அதற்கு இந்த வழிமுறையில் மருந்து இல்லை. நான்கு மூலைகளிலும் இதைச் செய்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் முளைகளைத் திருகிக்கொண்டிருந்தவர்கள் அரைநாளைத் தொலைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் நானும் அவர்களில் ஒருவன்.

இணைப்புதான் என்று தெரிந்தபின், தாள் துண்டை எடுத்துக்கொண்டு பலகைக்கும் சட்டகத்துக்கும் இடையே சுற்றிலும் செருகிக்கொண்டே வாருங்கள். சாதாரண 80 கிராம் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. தாள் எங்கே தடையில்லாமல் உள்ளே போகிறதோ, அங்கே பலகை சட்டகத்தில் அமரவில்லை. அந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மூலைகளில் அமர்ந்து ஒரு மூலையில் தூக்கியிருப்பதே வழக்கமாகக் காணக் கிடைப்பது.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். தூக்கியிருக்கும் மூலையின் பூட்டை இறுக்கினால் பலகை வளைந்து இறங்கும், ஆட்டமும் நிற்கும். ஆனால் அந்த வளைவு பலகைக்குள் ஓயாத இழுவிசையாக நின்று, முளையைச் சிறிது சிறிதாகப் பிடுங்கும். சரியான முறை, இடைவெளியை நிரப்புவது. 1 அல்லது 2 மி.மீ. கனமுள்ள கார்க் தாள், கம்பளித் துணி, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டு ஆகிய எதுவும் உதவும். சைக்கிள் டியூப் மிக நன்றாகப் பிடிக்கும், நழுவாது; ஆனால் மெருகு பூசிய மரத்தில் நாளடைவில் ஒட்டிக்கொண்டு கறையை விடும். ஆகவே லேமினேட் ஒட்டிய பலகைக்கு ரப்பரையும், மெருகிட்ட மரத்துக்குக் கார்க்கையும் பயன்படுத்துங்கள். எதுவானாலும் பலகையில் ஒட்டாமல் சட்டகத்தில் ஒட்டுங்கள். பலகையை அடுக்கி வைக்கும்போது உரிந்துவிடாது.

அறிகுறி 4: தாழ் தானாகத் திறந்துகொள்கிறது

இழுப்புத் தாழில் கவனிக்க வேண்டிய புள்ளிகள் மூன்று. கைப்பிடி சுழலும் அச்சு ஒன்று. கைப்பிடியோடு வளையம் சேரும் இடம் இரண்டாவது. வளையம் மாட்டும் கொக்கி மூன்றாவது. கைப்பிடியை மூடிக்கொண்டு வரும்போது வளையம் மேலும் மேலும் இழுபடும். இந்த மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வரும் கணத்தில் இழுப்பு உச்சத்தில் இருக்கும். அந்தக் கோட்டைக் கடந்து இரண்டாவது புள்ளி சற்று உள்ளே சென்றதும், அதுவரை திறக்கப் பார்த்த இழுப்பே கைப்பிடியை மூடிப் பிடிக்கத் தொடங்கும். கையில் உணரும் அந்த 'டக்' இதுதான். தாழ் தானாகத் திறக்கிறதென்றால், இரண்டாவது புள்ளி கோட்டைக் கடக்கவில்லை, அல்லது கடந்தும் பிடிப்பதற்கு இழுப்பே இல்லை.

மூடிய நிலையில் கைப்பிடியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அது சட்டகத்தின் விளிம்பிலோ ஏதேனும் ஸ்க்ரூவின் தலையிலோ முட்டிக்கொண்டு நின்றால், முழுவதும் மூடாமலேயே மூடியதுபோல ஏமாற்றும். முட்டும் இடத்தை ராவிவிடுங்கள், அல்லது தாழின் அடித்தகட்டின்கீழ் மெல்லிய பிளைவுட் துண்டை வைத்து உயர்த்துங்கள். எங்கும் முட்டவில்லையானால் இழுப்புப் போதவில்லை. வளையத்தின் தண்டில் புரி இருந்தால், தாழைத் திறந்து, கொக்கி முனையைக் கையாலேயே ஒரு சுற்றுத் திருகி நீளத்தைக் குறைத்து மூடிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு சுற்று. புரியில்லாத மலிவான தாழாக இருந்தால், எதிர்ப்பக்கத்துக் கொக்கித் தகட்டைக் கழற்றி ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்த வேண்டும். பழைய ஸ்க்ரூத் துளைகளைத் தீக்குச்சியும் மரப்பசையும் வைத்து அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுங்கள்; இல்லாவிட்டால் ஸ்க்ரூ பழைய துளைக்கே ஓடும்.

அடித்தகட்டின் ஸ்க்ரூக்கள் தளர்ந்து, தாழே கொஞ்சம் நகர்ந்திருப்பதும் உண்டு. அடித்தகட்டைச் சுற்றிப் பெயின்டில் புதிய கீறல் தெரிந்தால் அதுதான் காரணம்.

ஊர் ஊராக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் மேசைகளுக்கு, கைப்பிடியில் துளையுள்ள தாழையே வாங்குங்கள். அந்தத் துளையில் ஒரு காட்டர் பின்னைச் செருகிவிட்டால், வழியெல்லாம் அதிர்ந்தாலும் திறக்காது.

இதற்கு நேர்மாறாக, தாழை மூடவே இரண்டு கையும் முழுப் பலமும் தேவைப்படுகிறதென்றால், வளையம் அளவுக்குமீறிக் குறுகியிருக்கிறது. ஒரு கையின் உள்ளங்கையால் அழுத்தி மூட முடிவதே சரியான இறுக்கம். சுத்தியலால் தட்டி மூட வேண்டிய தாழ், அடுத்த மாதம் ஸ்க்ரூவோடு சேர்ந்து வெளியே வரும்.

அறிகுறி 5: குமிழ் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை

குமிழைச் சுற்றும்போது பலகையின் அடியில் பதித்த மரையும் சேர்ந்து சுற்றுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மரை சுற்றினால் பிடிப்பு விட்டது பலகையில். மரை அசையாமல் நின்று போல்ட் மட்டும் சுற்றினால் புரி மழிந்திருக்கிறது. இரண்டும் இல்லாமல் போல்ட் இறுகி நின்றும் பலகை தளர்வாக இருந்தால் போல்ட்டின் நீளம் அதிகம்.

மரை பலகைக்குள் சுற்றுவது பார்ட்டிகிள் போர்டில் சகஜம். தூளை ஒட்டிச் செய்த பலகை அது. ஒரு முறை உதிர்ந்த துளை மறுபடி இறுகாது. மரையை வெளியே எடுத்து, துளையில் உள்ள தூளை ஊதி நீக்கி, இருபாகமாகக் கலக்கும் எபாக்சிப் பசையைத் துளையின் சுவரில் தடவி மரையைப் பதியுங்கள். பசை மரையின் உட்புறம் புகாமலிருக்க, மெழுகு தடவிய போல்ட்டை அதில் திருகியபடியே பதிப்பது நல்ல வழி. ஒருநாள் முழுவதும் தொடாதீர்கள். துளை மிகவும் சிதைந்திருந்தால், 10 செ.மீ. சதுரமான, 12 மி.மீ. பிளைவுட் துண்டில் டி-நட்டை (முள்ளுள்ள தட்டோடு கூடிய மரை) மேல்முகத்திலிருந்து அறைந்து, அந்தத் துண்டைப் பலகையின் அடியில் பசையிட்டு ஒட்டிவிடுங்கள். பிடிப்பு ஒரு சிறு துளையில் நிற்காமல் அந்தப் பரப்பு முழுவதும் பரவும். எல்லாத் துண்டுகளையும் ஒரே கனத்தில் வெட்டி, அவை சட்டகத்தின் உட்பக்கம் வரும்படி வையுங்கள். இல்லாவிட்டால் பலகையின் அமர்வே மாறிவிடும்.

புரி மழிவதற்கு முக்கியக் காரணம் நம் ஊர் ஹார்டுவேர் கடையின் கவுன்டரிலேயே நடந்துவிடுகிறது. ஓர் அங்குலத்துக்கு 8 நூல் என்பது நம் கணக்கு. 2 நூல் என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; 2½ நூல் என்றால் 7.94 மி.மீ. பேச்சுவழக்கில் 8 மி.மீ. கம்பியையும் இரண்டரை நூல் என்றே சொல்லிப் பழகிவிட்டதால், தொலைந்த எம்-8 போல்ட்டுக்குப் பதிலாக இரண்டரை நூல் போல்ட்டை வாங்கிவந்துவிடுகிறார்கள். கம்பிக்கு அந்த வேறுபாடு பெரிதல்ல. புரிக்கு அதுவே எல்லாம். எம்-8இல் புரிக்குப் புரி 1.25 மி.மீ.; அங்குலக் கணக்கு போல்ட்டில் 18 புரிகள் ஓர் அங்குலத்துக்கு, அதாவது 1.41 மி.மீ. இரண்டு மூன்று சுற்று இறங்கியபின் முறுக்கிக்கொண்டு நிற்கும். பிளாஸ்டிக் குமிழின் கைப்பிடி வசதியாக இருப்பதால் வலிந்து திருகுவார்கள். பித்தளை மரையின் புரி அங்கேயே சிதையும். எம்-6க்கும் 2 நூலுக்கும் இதே கதைதான்: ஒன்றில் 1 மி.மீ., மற்றதில் 1.27 மி.மீ.

சந்தேகம் இருந்தால், பழைய போல்ட்டையும் புதிய போல்ட்டையும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று புரிக்குள் புரி விழும்படி வைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். நெடுகிலும் வெளிச்சம் கசியாமல் கவ்விக்கொண்டால் ஒரே புரி. ஒரு முனையில் கவ்வி மறுமுனையில் விலகினால் அந்த போல்ட்டை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போல்ட் நீளமாக இருந்தால் நுனி துளையின் அடியில் முட்டி நின்றுவிடும்; குமிழ் இறுகியதுபோலத் தெரிந்தாலும் பலகை சட்டகத்தைத் தொடாது. மேலும் திருகினால் மேலே லேமினேட்டில் சிறு மேடு எழும்பும். எழும்பிய மேட்டை இறக்க வழியில்லை. பேனா ரீஃபிலைத் துளைக்குள் விட்டு ஆழத்தைக் குறித்துக்கொண்டு, அதோடு சட்டகத்தின் கனத்தையும் வாஷரின் கனத்தையும் கூட்டி, அதைவிட 2 மி.மீ. குறைவான நீளமுள்ள போல்ட்டைப் பயன்படுத்துங்கள். உடனடித் தேவைக்குக் கூடுதலாக ஒரு வாஷர் போதும்.

அறிகுறி 6: ஆப்பு தளர்ந்து வெளியே வருகிறது

ஆப்பு நிற்பது உராய்வினால். அதன் சரிவு மிகுந்தால் உராய்வு தோற்றுவிடும். 8க்கு 1 என்ற சரிவு, அதாவது 16 செ.மீ. நீளத்தில் 2 செ.மீ. குறுகும் ஆப்பு, ஏறத்தாழ 7 பாகைதான். காய்ந்த மரத்துக்கு மரம் அது கெட்டியாக நிற்கும். 4க்கு 1 என்ற சரிவில் வெட்டிய ஆப்பு தட்டும்போது விரைவாக இறுகும். மேசையில் நாலு பேர் கைகளை ஊன்றி எழுந்தால் அதே விரைவில் தளரும். நின்று நிதானிக்கும் ஆப்பு வேண்டுமென்றால் சரிவைக் குறைத்துப் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டு தேக்கும் அரைமணி நேரமும் ஆகும்.

சரிவு சரியாக இருந்தும் தளர்ந்தால், துளையைப் பாருங்கள். ஆப்புத் துளையின் உள்விளிம்பு, சட்டகத்தின் வெளிமுகத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. உள்ளே தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு சட்டகத்தை அழுத்தி இணைப்பை இழுக்கும். மரம் சுருங்கி அந்த இடைவெளி தீர்ந்துவிட்டால், ஆப்பு முளையின் துளைச் சுவர்களுக்கு நடுவேயே சிக்கி இறுகும், இணைப்பை இழுக்காது. தட்டினால் 'டொக் டொக்' என்று கெட்டியாக ஒலித்தும் பலகை ஆடுகிறதென்றால் இதுதான். உளியால் துளையின் உள்விளிம்பை 2 மி.மீ. எடுத்துவிடுங்கள்.

நகரும் இடத்தில் மெழுகு தடவச் சொன்னேன். ஆப்பில் மட்டும் வேண்டாம். மெழுகிட்ட ஆப்பு உராய்வை இழந்து வழுக்கும். ஏற்கெனவே தடவியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மரத்தை வெளிக்கொண்டு வாருங்கள்.

அறிகுறி 7: கழற்ற முடியவில்லை

அடைமழைக் காலத்தில் வரும் புகார் இது. பலகையின் அடியில் சரிவான புறாவால் காடியில் (வாயைவிட உள்ளே அகன்ற பள்ளத்தில்) பட்டியைச் செருகும் மேசைகளில் மிகுதி. காடியின் குறுகிய முனை எது என்று பார்த்து, அந்த முனையிலிருந்து அகன்ற முனையை நோக்கி, ஒரு மரத்துண்டை இடையில் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். எதிர்த்திசையில் தட்டினால் மேலும் இறுகும். அசையவில்லையானால் மேசையைக் காற்றோட்டமான அறையில் சில வாரம் விட்டுவைத்து, ஐப்பசி, கார்த்திகை கழியட்டும் என்று காத்திருங்கள். ஈரத்தில் வீங்கிய மரத்தில் இழைப்புளியைத் தொடாதீர்கள். மழையில் இழைத்துச் சரிசெய்த பட்டி கோடையில் கடகடவென்று ஆடும். அதற்குப் புதுப் பட்டிதான் செய்ய வேண்டியிருக்கும்.

உலோகத்தில் சிக்கினால் துரு. கடலோர ஊர்களில் துத்தநாகம் பூசிய தகடுகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. மண்ணெண்ணெயைச் சில துளி விட்டு ஓரிரவு ஊறவிட்டால் பெரும்பாலும் இளகும். அதற்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் அதே எஃகு மரையும் போட்டால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டும் உலர்ந்த நிலையில் உரசினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். துளி கிரீஸ் தடவியே மாட்டுங்கள்.

அறிகுறி 8: ஓரத்தைத் தூக்கினால் பலகை மட்டும் கையோடு வருகிறது

காந்த வகையில் இது கோளாறே அல்ல, அதன் இயல்பு. நேராக மேலே இழுத்தால் பல கிலோ பிடிக்கும் காந்தம், ஓரத்தில் கைவைத்து நெம்பினால் எளிதில் விட்டுவிடும்; பலகையின் நீளமே நெம்புகோலாகிவிடுகிறது. பக்கவாட்டில் தள்ளினாலும் அது அவ்வளவாக எதிர்க்காது. இடையில் பெயின்டோ தூசியோ அரை மில்லிமீட்டர் சேர்ந்தாலே பிடிப்பு வெகுவாகக் குறையும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியசைத் தாண்டினால் நிரந்தரமாகவே வலுவிழக்கத் தொடங்கும். காந்த மேசை வைத்திருப்பவர்கள், பக்கவாட்டைத் தடுக்க இரண்டு மர முளைகளையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாவித்துளை வகையில் இது நடந்தால் பலகை முழுத்தொலைவு நகரவில்லை, அல்லது திரும்பி நகர்ந்துவிட்டது. நகர்த்தி முடித்த நிலையில் பலகையின் ஓரமும் சட்டகத்தின் ஓரமும் எங்கே சந்திக்கின்றன என்பதைப் பென்சிலால் குறித்துவைத்தால், ஒவ்வொரு முறையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். திரும்ப நகராமலிருக்க ஒரே ஒரு இழுப்புத் தாழ் போதும்.

ஆப்பு வகையிலும் வெறுமனே கிடத்தும் வகையிலும், மேசையை இடம் மாற்றும்போது சட்டகத்தைப் பிடித்துத் தூக்குவது தவிர வேறு வழியில்லை. வாடகைக்கு விடும் ஒருவருடைய இருபது மேசைகளுக்கு அப்படி எழுதிக் கொடுத்தேன். முதலில் பலகையின் அடியில் எழுதியிருந்தேன்; அதைப் படிப்பதற்குள் பலகை கழன்று கைக்கு வந்திருக்கும் என்று அவர் சொன்ன பிறகு, சட்டகத்தின் வெளிமுகத்தில், கைவைக்க வேண்டிய அதே இடத்தில், சிவப்புப் பெயின்டால் மறுபடி எழுதினேன்.